தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். சில நாட்களுக்கு முன்பு பள்ளியில் ஒரு பிள்ளை அவளிடம், "உன்னைய தவுட்டுக்குத்தான் வாங்குனாங்க" என்று சொல்லிச் சீண்டியிருக்கிறது. அந்தச் சீண்டலைக் கேட்காமல் நம் ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வேறு பிள்ளையாக இருந்தால் அழுதிருக்கும். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆமா, ஒரு மொறம் தவுடு. போட்டோ இருக்குது, கொண்டாரட்டா?" என்று கேட்டிருக்கிறாள். சாயங்காலம் வகுப்பாசிரியை போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், பாப்பா என்னமோ சொல்றாளே. ஊட்ல எல்லாம் நல்லபடிதானுங்களே?"

"அது கோயில் வேண்டுதலுங்க மிஸ். எங்க அந்தோணியார் கோயில்ல..." என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து சொல்வது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டேன். அவர் "ஓ" என்றார். அந்த "ஓ" என்னை விடவில்லை. சாதம் வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவருக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். முழுவதையும் எழுதினால்தான் அது அடங்கும் போலிருக்கிறது.

நான் வால்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்தவள். எங்கள் லைனுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட சின்ன அந்தோணியார் கோயில் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்தது என்பார்கள். அந்தோணியார் திருநாள் ஜூன் மாதத்தில் வரும். மலையில் அது விடாமல் மழை கொட்டும் காலம். நான்கு பேர் தோளில் தூக்கும் சப்பரத்தின் மேல், கொழுந்து மூட்டைகளை மூடும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கொண்டுபோவார்கள். பின்னால் செபமாலை சொல்லியபடி நாங்கள் போவோம். அட்டை ஏறாமலிருக்க எல்லோரும் கணுக்காலில் உப்பைத் தேய்த்துக்கொள்வோம். மிச்ச உப்பில் மிளகைக் கலந்து அந்தோணியார் காலடியில் போடுவோம். அட்டைக்கும் அவருக்கும் ஒரே பொட்டலம்தான். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஊர்வலம் முடிந்ததும் முளைப்பாரி வைத்தவர்கள், மொட்டை போட்டவர்கள், பொங்கல் வைத்தவர்கள் என்று எல்லோரும் அந்தத் தகரக் கூரைக்கடியில் நெருக்கியடித்து நிற்போம். அதில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களே இல்லை. ஈரக் கம்பளியும் மெழுகுதிரியும் வெல்லம் கரிந்த பொங்கலும் சேர்ந்த அந்த வாசனையை வேறு எந்த இடத்திலும் நான் முகர்ந்ததில்லை.

அந்தத் திருநாளில்தான் பிள்ளைகளை விற்பார்கள்.

பயந்துவிட வேண்டாம். பிள்ளை தங்காத வீட்டிலும், பிள்ளைக்கு நோய் தீராத வீட்டிலும் செய்யும் வேண்டுதல் அது. அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் பாயில் பிள்ளையைப் போட்டுவிட்டு, பெற்றவள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அப்போதே அந்தப் பிள்ளை அவளுடையது இல்லை என்று ஆகிவிடும். வேறொரு பெண் முறத்தில் தவிடு கொண்டுவந்து சாக்கில் கொட்டி, பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பிறகு பெற்றவள் கையில் கொடுத்து, "என் பிள்ளையை நீ வளர்த்துக் கொடு" என்பாள். பெற்றவளின் ராசி பிள்ளையைத் தாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. உன்னுடையது என்றால்தானே உன்னிடமிருந்து பறிபோகும்? இந்து வீடுகளிலும் இதைச் செய்வதுண்டு. யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் எஸ்டேட்டில் யாரும் கேட்டதும் இல்லை.

எனக்கும் என் அண்ணனுக்கும் நடுவே பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதனால் என்னை விற்றார்கள். மலையில் ஏது நெல், ஏது தவிடு? அம்மா பொள்ளாச்சிக்குப் போய், தவிட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தாராம். என்னை வாங்கியவர் எதிர் வரிசையில் இருந்த இந்துப் பெண். அவரைத் தவிட்டம்மா என்றே கூப்பிடுவேன். ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு உடுப்பு எடுத்துத் தருவது அவர் கடமை. அம்மா என்னை அடித்தால் எதிர் வாசலிலிருந்து சத்தம் வரும்.

"ஏய், எம் புள்ளைய ஏன்டி அடிக்கிற? வளக்கத்தான குடுத்தேன்?"

"அப்ப நீயே வந்து பேன் பாத்து, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு! வந்துட்டா பெருசா!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த இடைவெளியில் நான் ஓடிவிடுவேன். எனக்கு இரண்டு அம்மா என்பது உலக வழக்கம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பிறகு படிக்கக் கீழே வந்தேன். பீளமேட்டுக் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தேன். கோவையிலேயே கல்யாணம் நடந்தது. கணவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அவர் வீடும் கத்தோலிக்க வீடுதான். ஆனால் நகரத்துக் கத்தோலிக்கர்கள். அவர் அம்மா, என் அத்தை, தினமும் காலைப் பூசைக்குப் போவார். முளைப்பாரி, மொட்டை என்றால் முகம் சுளிப்பார்.

மகளுக்கு ஒரு வயது முடிந்திருந்தபோது முதல் வலிப்பு வந்தது. மத்தியானம், பால் குடித்துக்கொண்டிருந்தவளின் உடம்பு என் மடியிலேயே விறைத்தது. கண் மேலே செருகியது. உதடு நீலமானது. காய்ச்சல் வேகமாக ஏறினால் சில குழந்தைகளுக்கு அப்படி வரும் என்றும், பள்ளிக்குப் போகும் வயதில் தானாக நின்றுவிடும் என்றும் மருத்துவர் சொன்னார். நான் படித்த பாடப் புத்தகமும் அதையேதான் சொன்னது. எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்துகொண்டே ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, "அந்தோணியாரே, இவளை உமக்கு விற்றுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொன்னேனா மனதுக்குள் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

வீட்டில் சொல்ல ஒரு மாதம் ஆனது. அத்தை சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இதெல்லாம் வேதத்துல எங்க இருக்குது கண்ணு?"

"எங்கயும் இல்லைங்க அத்தை."

"பின்ன?"

"நேர்ந்துட்டேனுங்க."

அத்தை கீரையைக் கீழே வைத்தார். "நேர்ந்துபோட்டயா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அப்ப செஞ்சுபோடோணும்" என்றார். அவர் எதிர்ப்பு அவ்வளவுதான். ஆனால் கோயிலுக்கு மட்டும் வரமாட்டேன் என்றார்.

எங்கள் பக்கத்தில், மூடிப்போன பழைய மில்லை ஒட்டி ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. பிரெஞ்சுக்காரச் சாமியார்கள் இருந்த காலத்தில் மில் தொழிலாளிகளுக்காகக் கட்டியது. மில் இருந்த இடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. கோயில் மட்டும் அதன் சுற்றுச்சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே செருப்பு விட இடம் கிடைக்காது. அங்கேயும் பிள்ளை விற்பது உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

தவிடு வாங்கப் போன கதை தனி. மாட்டுத் தீவனக் கடைக்காரர், "எத்தன மாடுங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

"மாடு இல்லைங்க."

"எருமைங்களா?"

"கொழந்தைக்குங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே முகம் மலர்ந்தது. "ஓ, அந்தோணியார் கோயிலுங்களா! மொதல்லயே சொல்றதில்லீங்களா? இருங்க, நைசாக் குடுக்கறேன். ஒருத்தரு கோதுமைத் தவுடு வாங்கிட்டுப் போயி திரும்பக் கொண்டாந்துட்டாருங்க. அந்தோணியாரு நெல்லுத் தவுடுதான் எடுப்பாராமா."

திருநாளன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேயாக அடித்தது. மெழுகுதிரி ஒன்றுகூட நிற்கவில்லை. கோயில் வாசலில் வாழைமரம், கொடிமரத்தடியில் உப்பும் மிளகும், தெரு நெடுக ஜமாப் மேளம். பொங்கல் பானைகளில் சிலவற்றில் சந்தனத்தால் சிலுவை போட்டிருந்தது, சிலவற்றில் மூன்று பட்டை. பக்கத்து மாகாளியம்மன் கோயிலிலிருந்து தேருக்கு மாலை வந்திருந்தது. நான் என் மலைக்கோயிலுக்கே திரும்பிவிட்டது போல இருந்தது. மழையும் அட்டையும்தான் இல்லை.

மகளுக்கு மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசினோம். வேண்டுதல் பிள்ளைகளுக்கு அந்தோணியார் மாதிரியே காவி நிற அங்கியும் இடுப்பில் வெள்ளைக் கயிறும் உண்டு. வாசலில் தைத்து விற்கிறார்கள், எல்லாம் ஒரே அளவு. போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்குக் கை கால் எதுவும் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது.

வாங்குவதற்கு என் அண்ணன் மனைவியை வால்பாறையிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். அண்ணி என் மகளைக் கடைசியாகப் பார்த்தது ஞானஸ்நானத்தில், சுருட்டை முடியும் வெள்ளைக் கவுனுமாக.

பங்குச் சாமியார் அந்த நேரம் பார்த்துக் காப்பி குடிக்கப் போய்விடுவார். அவர் இதைத் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார்தான் எல்லாவற்றையும் நடத்தினார். பாயில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, தாய்மார்களை வாசல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். எனக்கு இடப்பக்கம் ஒரு பெண் நின்றார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், தாலிக்கொடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், பையனுக்கு மூச்சிரைப்பு, எடையே ஏறுவதில்லை என்று கூட்டத்தில் நின்றபோது சொல்லியிருந்தார்.

பின்னால் பிள்ளைகளின் அழுகை. உபதேசியார், "மொத புள்ள! ரெண்டாவது புள்ள!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கக் கூடாது. பார்த்தால் விற்றது செல்லாது என்று அம்மா சொல்லியிருந்தார். கடைசியில் அண்ணியின் குரல் கேட்டது. "இந்தா, எம் புள்ளைய நல்லா வளத்துக் குடு." திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி வாங்கினேன்.

எடை குறைவாக இருந்தது.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே என் கைக்குத் தெரிந்துவிட்டது. அதே நேரம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையிலும் ஒரு பிள்ளை வந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். தன் பையன் திடீரென்று கனத்துவிட்டான் என்று ஒரு நொடி நினைத்திருக்கிறார். பிறகு குனிந்து பார்த்தார்.

"அய்யோ, ஏனுங்க! இது யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

நடந்தது இதுதான். நாங்கள் முதுகைக் காட்டி நின்ற நேரத்தில் பாயில் இருந்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. என் மகள் தவழ்ந்து போய் அவர் பையன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் இவள் இடத்துக்கு நகர்ந்திருந்தான். "ரெண்டாவது புள்ள" என்றதும் அண்ணி இரண்டாவது பிள்ளையை வாங்கினார். அந்தப் பெண்ணின் நாத்தனார் மூன்றாவதை வாங்கினார்.

"எல்லா மொட்டையும் ஒரே மொட்டையா இருக்கு, நான் என்ன பண்ணுவேன்?" என்று அண்ணி அழாத குறை. நாத்தனார், "நான் அப்பவே நெனச்சேன், நம்ம பையன் இம்புட்டு வெளுப்பான்னு" என்றார்.

பிள்ளைகளை உடனே மாற்றிக்கொண்டோம். ஆனால் வேண்டுதல்? நான் உபதேசியாரிடம் ஓடினேன். மறுபடியும் பாயில் போட்டுச் சரியாக வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தவுடு கொட்டியாச்சு, வார்த்தையும் சொல்லியாச்சு. அன்னைக்கே வாங்கி அன்னைக்கே திருப்பற கடையாம்மா இது?" என்றார். என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "அடுத்த திருநாளுக்கு வாங்க. ரெண்டு புள்ளையையும் மறுபடி பாயில போட்டு மாத்திக்கலாம். ஒண்ண மட்டும் மாத்த முடியாது, பாத்துக்குங்க. ரெண்டு பேரும் வரணும்."

ஆக, அந்த ஒரு வருடத்துக்கு என் மகள் அன்னூர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் பையன் என் அண்ணியின் பிள்ளை. அத்தை கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பொண்ணக் குடுத்துப் பையன வாங்கிட்டு வந்திருக்கறா எம் மருமக. நல்லவேளை, தவுட்டோட போச்சு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுதலில் தப்பு நடந்துவிட்டது, இனி வலிப்பு நிற்காது என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் மருந்தின் அளவு, எடை, வயது, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். ஊற்றும்போதும் அதைத்தான் நினைத்தேன்.

ஐப்பசி மழையில் மறுபடியும் வலிப்பு வந்தது.

அன்னூர்ப் பெண்ணும் நானும் அதற்குள் போனில் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தோம். அங்கன்வாடியில் எடை பார்க்கும் தொட்டிலில் பையன் உட்கார்ந்திருக்கும் படத்தை அவர் எனக்கு அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் அவன் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. "மூச்சு எரப்பு வந்தே பல நாளாச்சுங்கக்கா. உங்கூட்டு ராசிங்க" என்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். போனை வைத்ததும் சந்தோஷம் போய்விடும். எங்கள் ராசி அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டதோ? என் மகளுக்கு வந்திருப்பது யாருடைய ராசி?

வலிப்பு வந்ததை அவரிடம் பெரிதாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் இழுத்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மே மாதத்தில் போன் செய்தேன். "இந்தத் திருநாளுக்குச் சரி பண்ணிக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

பின்னணியில் மாடு கத்தியது.

"சரிங்கக்கா."

"உங்களுக்குச் சம்மதம்தானுங்களே?"

"நீங்க சொன்னாச் சரிங்க. வாரோமுங்க."

கோவைக்கு வந்து இத்தனை வருடத்தில் இந்தச் "சரிங்க"வை எனக்கு நன்றாகவே தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதை இவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அதனால் மனம் இல்லாததற்கும் சரிங்க என்பார்கள். அந்தச் சரிங்கவின் கடைசி எழுத்து கீழே இறங்கும். எனக்கு அது கேட்டது. கேட்காதது போல இருந்துவிட்டேன்.

திருநாளுக்கு முன்பு, வாங்கிய வீட்டிலிருந்து பிள்ளைக்கு உடுப்பு வர வேண்டும். நாத்தனாருக்குக் கோழிப் பண்ணையை விட்டு நகர முடியவில்லை என்று அன்னூர்ப் பெண்ணே கொண்டுவந்தார். காந்திபுரத்தில் இறங்கி, அங்கேயே துணிக்கடையில் சிவப்புப் பாவாடை சட்டை எடுத்துக்கொண்டு, டவுன் பஸ் மாறி வந்திருந்தார். பையனை மாமியாரிடம் விட்டிருந்தார். மகளுக்குக் காலையிலிருந்து லேசான காய்ச்சல். அவள் புது ஆளைக் கண்டால் அழுகிறவள், ஆனால் அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கூட்டு அம்மணி சோந்திருக்குதுங்களே. வாடி தங்கம், இந்தச் செகப்பு உனக்குப் புடிக்குதா?"

நான் மருந்து எடுக்க உள்ளே போனேன். மூடியைத் திறக்கிறேன், "அக்கா!" என்று அலறல் கேட்டது.

ஓடிவந்து பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். சட்டையைத் தளர்த்தினேன். எனக்கு எல்லாம் பழகியிருந்தது. அவர், "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று தன் இடுப்புச் சாவிக்கொத்தையே பிடுங்கி அவள் கையில் திணித்தார். வலிப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். எடுத்துவிடவும் தோன்றவில்லை. அவர் தன் கையால் அவள் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் கை வெட்டி இழுத்ததில் சாவிகள் கலகலவென்று சத்தமிட்டன.

நின்றது. மகள் தூங்கிப்போனாள். மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பினோம். அவர் ஊருக்குப் போகாமல் கூடவே வந்திருந்தார். வீட்டுக்குள் வந்ததும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் இழுத்துச்சுன்னுதானுங்களே சொன்னீங்க. இப்படியா இருக்கும்?"

"இப்படித்தான் இருக்குமுங்க."

"எங்கூட்டுப் புள்ளையா இருக்கறப்பத்தான் இப்படி ஆவுது." அவர் என்னைப் பார்க்கவில்லை, தூங்கும் பிள்ளையைப் பார்த்தே பேசினார். "மாத்திக்கலாமுங்கக்கா. நீங்க கேட்டப்ப மனசில்லாமத்தான் சரின்னு சொன்னேன். இப்ப நானே சொல்றேன். எம் பையனுக்கு என்ன ஆனாலும் சரிங்க, மாத்திக்கலாம்."

ஒரு வருடமாக நான் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். அவரே கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் தேறுனது தவுடு மாறுனதாலன்னு நம்பறயா?"

"இல்ல."

"பாப்பாவுக்கு வந்தது தவுடு மாறுனதாலன்னு நம்பறயா?"

"இல்ல."

"ரெண்டையும் நம்பாதவ ஏன் இப்படி அழுவறே?"

"ரெண்டையும் கொஞ்சம் நம்பறேன். அதான்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளை பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

திருநாள் வரைக்கும் நான் முடிவெடுக்கவில்லை. அண்ணியையும் வரச் சொன்னேன், தவிடும் வாங்கினேன். மாற்றுவது தாய்க்குரிய கடமை என்று காலையில் தோன்றும். அவர் பையனுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று மத்தியானம் தோன்றும். இரண்டையும் அந்தோணியாரிடமே விட்டுவிடலாம் என்று பார்த்தால், பாயில் பிள்ளையைப் போட வேண்டியது அவர் இல்லையே, நான்தானே.

அன்றும் அதே காற்று, அதே ஜமாப் மேளம். அன்னூர்ப் பெண் முன்னாலேயே வந்து பையனுக்கு அங்கி மாட்டிவிட்டிருந்தார். இந்த முறை அது அவனுக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. புது வேண்டுதல் பிள்ளைகளை விற்று முடித்த பின் உபதேசியார் கூட்டத்தைப் பார்த்தார். இந்த வருடம் ஒவ்வொரு பிள்ளை மணிக்கட்டிலும் பெயர் எழுதிய நாடா கட்டியிருந்தார். எங்களால் வந்த சட்டம் அது, இன்றுவரை நடக்கிறது.

"போன வருசம் மாறிப்போன புள்ளைங்க வந்திருக்குதா? வாங்கம்மா, சாமியார் காப்பி முடிக்கறதுக்குள்ள முடிச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்னூர்ப் பெண் பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அவர் அவன் முதுகைத் தடவி, அங்கிக் கயிற்றைச் சரிசெய்து, மறுபடியும் தடவினார். காலை முன்னால் வைக்கவே இல்லை. என்னைப் பார்த்தார். சொன்ன சொல்லை அவர் மாற்றமாட்டார். நான் எழுந்தால் வந்துவிடுவார்.

நான் அவர் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்க."

"அக்கா?"

"வேண்டாங்க. இருக்கட்டும். எம் புள்ள உங்கூட்டுப் புள்ளையாவே இருக்கட்டும்."

"அம்மணிக்கு மறுபடி வந்துச்சுன்னா?"

"வந்தா நீங்களும் வாங்க."

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அழ ஆரம்பித்தார். உபதேசியார், "என்னம்மா, மாத்தறீங்களா இல்லையா?" என்றார். அண்ணி எனக்கு முன்னால் பதில் சொன்னார். "இல்லீங்க, நாங்க பழகிட்டோம்."

அதற்குப் பிறகும் ஒரு முறை வலிப்பு வந்தது. வாசகர்கள் ஏமாந்துபோகக் கூடாது, அதனால் சொல்கிறேன். சொன்னபடி அவரும் வந்தார், அன்னூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில், சாவிக்கொத்தோடு. பள்ளியில் சேர்த்த வருடத்திலிருந்து வலிப்பு வரவில்லை. மருத்துவர் சொன்ன வயதுதான் அது. ஆனாலும் நான் அன்று செய்தது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் அந்த முந்தானை என் கையில் இருப்பது போலத் தோன்றும். வகுப்பாசிரியையிடம் இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்ல முடியும்?

மாற்றாமல் விட்ட அந்தத் திருநாளன்று தேர் கிளம்பும் நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. பொங்கல் பானைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கோயில் பந்தலுக்குள் ஓடினோம். சிலுவைப் பானை எது, பட்டைப் பானை எது என்று யாரும் பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்ததைத் தூக்கினோம். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக உட்கார்ந்தோம். என் மகள் அவர் மடிக்கும், அவர் பையன் என் மடிக்கும் எப்படியோ வந்திருந்தார்கள். அவர் வாழையிலைத் துண்டில் பொங்கலை வைத்து ஊதி ஊதி அவளுக்கு ஊட்டினார். நான் இவனுக்கு ஊட்டினேன். நன்றாகத் தின்றான். மடியில் கனமாகவே இருந்தான்.

பழக்கத்தில் கையை நீட்டி என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. பிறகு பையன் மார்பில் உள்ளங்கையை வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தேன். அவன் என் கையைத் தள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டான்.